வினைக்கொள்கையும் தொழுநோயும்

மக்கள் ஒழுக்கத்திற்கு வித்தாவது அவர்தம் கொள்கையே. ஒருவன் எதனை மெய்யெனக் கொண்டானோ அதன்வழியே அவன் சொல்லும் செயலும் நிகழ்தல் கண்கூடு. கயிற்றைப் பாம்பெனக் கண்டவன் அஞ்சி ஓடுகின்றான். பாம்பைக் கயிறெனக் கொண்டவனோ அதனைக் கையால் எடுத்து உயிரிழக்கின்றான். ஆதலின், திரிபுணர்வென்பது அறிவின்கண் நிற்கும் குற்றமாத்திரையாய் ஒழியாது, செயலின்கண் இறங்கித் தனக்கும் பிறர்க்கும் கேடு சூழும். ஐயமும் திரிபும் நீங்கியவழியே காட்சியை அளவையெனக் கொள்ளல் வேண்டும் என்பது நம் அளவைநூன் முடிபு. இவ்வரையறை தருக்கம் பயில்வார்க்கு மட்டும் உரியதன்று. ஊரும் நாடும் நோயின்றி வாழ்தற்கும் உரியதாம்.

இதனை விளக்குதற்குரிய எடுத்துக்காட்டுக்கள் பலவற்றுள், சைவர்க்கு நெருங்கிய தொடர்புடையதொன்றை ஈண்டு எடுத்துக்கொள்வாம். அது தொழுநோய் பற்றியது. இதனைப் பெருநோய் எனவும் குட்டம் எனவும் வழங்குவர். 'இது முற்பிறப்பிற் செய்த கொடும்பாவத்தின் பயன்; இதனாற் பற்றப்பட்டார் அணுகத்தகாதார்; அவர்க்கு உதவுதல் ஊழொடு முரணுதலாம்' என்னும் எண்ணம் நெடுங்காலமாக மக்களிடை வேரூன்றி நிற்கின்றது. இங்ஙனம் கூறுவார் வினைக்கொள்கையையே தமக்குச் சார்பாகக் காட்டுதலின், அச்சார்பு உண்டோ இன்றோ என ஆராய்தல் சித்தாந்த நூல் பயில்வார் கடனாகும்.

நோயின் இயல்பு

முதற்கண் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். 1873-ஆம் ஆண்டில் நோர்வே நாட்டுப் பெர்கன் நகரத்து மருத்துவர் ஹான்சன் என்பார், நோயாளருடைய உடற்கூற்றிற் கோல்வடிவினதாகிய நுண்கிருமியைக் கண்டு, அதுவே இந்நோய்க்குக் காரணமாதல் வேண்டும் என எடுத்துரைத்தார். அதற்கு முன்னர் அந்நாட்டு மருத்துவப் புலவருட் சிறந்தாரும் இதனைக் குலவழியாக வரும் நோயென்றே கருதியிருந்தனர். மருந்துண்ணாத நோயாளரோடு நெடுநாள் நெருங்கி உறைவார்க்கு, அவர் மூக்கினின்றும் வாயினின்றும் வெளிப்படும் நுண்டிவலைகள் வாயிலாக இது பரவும். கையைத் தொடுதலானும் உடனிருந்து உண்ணுதலானும் பரவுவதன்று. மக்களுட் பெரும்பாலார்க்கு இதனைத் தடுக்கும் ஆற்றல் உடம்பிலேயே இயல்பாக அமைந்துள்ளது.

இக்கிருமி மிக மெல்லப் பெருகுவது. அது புகுந்தபின் நோய் வெளிப்படுதற்குச் சராசரி 5 ஆண்டு செல்லும். சிலர்க்கு 20 ஆண்டும் அதற்கு மேலும் செல்லுதலுண்டு. காரணத்திற்கும் காரியத்திற்கும் இடையே இத்துணை நெடிய காலம் கிடத்தலே, 'இதன் காரணம் இப்பிறப்பின்கண் இல்லை' என மக்கள் கருதுதற்கு இடந்தந்தது போலும்.

நோயின் முதற்குறி தோலில் நிறம் வெளிறியோ சிவந்தோ தோன்றும் உணர்வற்ற தேமல். அது பெரும்பாலும் நோவதுமில்லை, தினவெடுப்பதுமில்லை. ஆதலிற் பொருட்படுத்தப்படாது ஒழிகின்றது. பின்னர்க் கிருமி நரம்புகளைத் தாக்குகின்றது. நரம்பு கெடவே கையும் காலும் உணர்விழக்கின்றன, விரல்கள் மடங்குகின்றன, கண்ணிமை மூடமாட்டாது பார்வையும் கெடுகின்றது. விரல்கள் நோயினால் தாமே அழுகி உதிர்கின்றன என்பது பலர் எண்ணம். 1940-களின் இறுதிதொட்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றிய பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் இவ்வெண்ணம் தவறென விளக்கினார். உணர்விழந்த கை அடுப்பின் சூட்டை அறியாது. உணர்விழந்த கால் முள்ளையும் கல்லையும் அறியாது. அறியாமையாற் புண்ணும், புண் ஆறாமையாற் சிதைவும் உண்டாகின்றன. மடங்கிய விரல்களைத் தசைநாண்களை மாற்றியமைக்கும் அறுவையாற் பயன்படச் செய்யலாம் என்பதும் அவர் செய்து காட்டினார்.

மருந்தும் இன்று எளிதிற் கிடைப்பதே. டாப்சோன், ரிபாம்பிசின், குளோபசிமின் என்னும் மருந்துகளைக் கூட்டி உண்பிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் வகுத்தது; 1995 தொடங்கி அவற்றை விலையின்றி வழங்கச்செய்து வருகின்றது. நோயின் அளவிற்கேற்ப 6 திங்களேனும் 12 திங்களேனும் உண்டால் நோய் தீரும். மருந்து தொடங்கிய சின்னாளிலேயே பிறர்க்குப் பரப்பும் தன்மை நீங்கிவிடுகின்றது.

திரிபுணர்வு விளைக்கும் கேடு

மருந்துண்டாயிற்று; காரணம் தெளிவாயிற்று. அற்றாகவும் இந்நோய் ஒழிந்தபாடில்லை. இந்தியாவில் 10,000 பேர்க்கு ஒருவர் என்னும் அளவிற்கும் கீழாக இது 2005-ஆம் ஆண்டின் இறுதியிற் குறைந்தது உண்மையே. எனினும், 2023-ஆம் ஆண்டில் உலகிற் புதிதாகக் கண்டறியப்பட்டார் 1,80,000-க்கு மேற்பட்டார். அவருட் பாதிக்கு மேற்பட்டார் இந்திய நாட்டினர். மருந்திருந்தும் நோய் நிற்பதற்குரிய காரணங்களுள், நோயினை மறைத்தல் தலையாயதொன்று.

மறைத்தற்குக் காரணம் யாது? மக்களின் திரிபுணர்வே. மகளுடம்பில் உணர்வற்ற தேமலைக் கண்ட தாய், 'இது வெளிப்படின் இவளுக்கு மணமில்லை. இவள் தங்கைக்கும் இல்லை. நம் குடியையே பாவக்குடி என்பர்' என அஞ்சுகின்றாள். ஆண்டுகள் கழிகின்றன. அதற்குள் நரம்பு கெடுகின்றது, விரல் மடங்குகின்றது, வீட்டிலுள்ள சிறாரிடத்தும் கிருமி சென்று சேர்கின்றது. பின்னர் மறைக்கவொண்ணாத நிலையில் ஊரார் அச்சிதைவைக் கண்டு, 'பாருங்கள், பாவத்தின் பயனை. ஒரு குடியில் ஒருவர் பின் ஒருவராக வருகின்றதே' என்கின்றனர். அச்சிதைவும் பரவுதலும் பாவத்தால் வந்தனவல்ல. பாவம் என்ற பேச்சுக்கு அஞ்சி மறைத்தமையால் வந்தன. பொய்ந்நம்பிக்கை தனக்கு வேண்டிய சான்றைத் தானே படைத்துக்கொள்ளுந் திறம் இதுவாம். ஏனைப் பிழையுணர்வுகள் காட்சியால் நீங்கும்; இதுவோ காட்சியாலேயே வலுப்பெறுதலின் மிகக் கொடிது.

ஒழுக்கத்திற்கு வருங் கேடும் இத்துணையதே. துன்புறுவாரைக் கண்டவழி இரங்குதல் மக்கட்கு இயல்பு. 'அவன் செய்தான், அவன் நுகர்கின்றான்' என்ற சொல் அவ்விரக்கத்தை முளையிலேயே கிள்ளிவிடுகின்றது. கல்லாத கொடியவன் செய்யுங் கொடுமையை அவன் நெஞ்சு என்றேனும் சுடும். கொடுமையை அறமெனக் கொண்டவனையோ அவன் நெஞ்சும் சுடாது. கணவன் மனைவியை நீக்குதலும், மக்கள் பெற்றோரைப் புறத்தே விடுதலும், அங்ஙனம் விடப்பட்டார் திருக்கோயில் வாயில்களிற் கையேந்தி இருத்தலும் இவ்வகையால் நிகழ்ந்தன.

இத்திரிபு ஒரு சமயத்தார்க்கோ ஒரு நாட்டார்க்கோ உரியதன்று. ஹவாய்த் தீவுகளில் 1866 முதல் 1969 வரை நோயாளர் மொலக்காய்த் தீவின் ஒரு மூலையில் தனித்து வைக்கப்பட்டனர். ஜப்பானில், நல்ல மருந்து கிடைத்த பின்னரும் 1953-இல் மீண்டும் இயற்றப்பெற்ற தனிமைப்படுத்துஞ் சட்டம் 1996-இலேதான் நீக்கப்பட்டது. அது நோயாளருடைய உரிமைக்கு மாறானதென 2001-இற் குமமோட்டோ நகர நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் 1898-இல் ஆங்கில அரசு இயற்றிய தொழுநோயாளர் சட்டம் 2016-இலேதான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்கிற்குக் காரணமாகக் காட்டலாம் என மணச்சட்டங்களில் இருந்த விதி 2019-இல் அகற்றப்பட்டது. மருந்து 1981-இல் வந்தது. சட்டம் மாற அதன்பின் 38 ஆண்டு சென்றது. மக்கள் மனம் மாறுதற்கு இன்னும் எத்துணைக் காலம் செல்லுமோ!

தடையும் விடையும்

அற்றேல், 'இன்பதுன்பங்கள் வினைவழியே வருவன என்பது சித்தாந்தத் துணிபன்றோ? தொழுநோயும் துன்பமாகலின் அதனை வினைப்பயன் என்றல் எங்ஙனம் திரிபாகும்?' எனின், கூறுதும்.

துன்பம் வினைவழி வருமென்பது துணிபே. ஆயின், பசியும் வினைப்பயன், முதுமையும் வினைப்பயன், காலிற் றைத்த முள்ளும் வினைப்பயனே. பசித்தானுக்கு உணவிடுதல் ஊழொடு முரணுதல் என்று எவருங் கூறிற்றிலர். மாறாக, அதனைத் தலையாய அறமென்றே கொண்டனர். முள்ளைக் களைவானையும் எவரும் தடுத்திலர். எல்லாத் துன்பத்திற்கும் பொதுவாயதோர் உண்மையைத் தொழுநோய் ஒன்றன்மேல் மட்டும் ஏற்றி, அதுகொண்டு ஒருசாராரை இழித்துரைத்தலே திரிபு என்க.

இரண்டாவது, நுகர்வினை ஆதிதைவிகம், ஆதிபௌதிகம், ஆதியான்மிகம் என மூவாயிலான் வரும் என்பர் ஆசிரியர். வாயிலின்றி வினை வந்து பற்றாது. ஆகலின், கிருமியைக் காரணம் எனக் காண்டல் வினைக்கொள்கைக்கு மாறாகாது, வாயிலைக் கண்டதேயாம். வாயிலைக் கண்டவழி அதனை அடைத்தற்கு முயல்வதே அறிவுடைமை. ஊழினை அறத்துப்பாலின் இறுதியில் வைத்த திருவள்ளுவர், பொருட்பாலில் ஆள்வினையுடைமையினையும் மருந்தினையும் தனித்தனி அதிகாரங்களாக ஓதினமையும் ஈண்டு நினைக்கற்பாற்று.

மூன்றாவது, வினை சடம். தானே சென்று பயன் கொடாது. அதனை அறிந்து கூட்டுவான் முற்றுணர்வினனாகிய இறைவன் ஒருவனே. எவ்வினைக்கு எப்பயன் என்பது அவனுக்கே வெளி. சிற்றறிவினனாகிய ஒருவன் மற்றொருவனுடைய புண்ணைக் கண்டு, 'இஃது இன்ன பாவத்தால் வந்தது' எனத் துணிந்துரைத்தல், இறைவனுக்கே உரிய அறிவைத் தான் ஏறட்டுக்கொண்டதாகும். அன்றியும், வினைப்பயனை ஊட்டும் இறைவனைச் சித்தியாரின் ஆசிரியர் நோய் தீர்க்கும் மருத்துவனோடு ஒப்பித்தார். ஒறுத்தலும் அருளேயாயின், அதனைச் சுட்டி ஒருவனை வெறுத்தற்கு இடமேது?

நான்காவது, எல்லாவற்றினும் சிறந்தது இது: நோயாளன் நுகர்வது பிராரத்தம், அவனைக் கண்டு நாம் செய்வது ஆகாமியம். அவனுடைய பழவினையை ஆராய்தற்கு நமக்கு வழியில்லை. நம்முடைய ஏறுவினையோ நம் கண்முன்னே நிகழ்கின்றது. அவனை விலக்கியவன் தன் கணக்கிலேயே தீவினையை ஏற்றிக்கொள்கின்றான். வினைக்கொள்கையை மெய்யாக நம்புவான் ஒருவன் நோயாளன்முன் அஞ்சத்தக்கது அந்நோயன்று, தன் செயலே.

அருளாளர் ஒழுகிய நெறி

அருளாளர் நெறியும் இதுவே. கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களை நளிர்சுரம் பற்றியபோது திருஞானசம்பந்தர், நிலத்தின் இயல்பென்றோ வினையென்றோ வாளா இருந்திலர். திருநீலகண்டத் திருப்பதிகம் அருளினார். இன்ன வினைக்கு இன்ன பயன் எனப் பேசியிருந்து, உய்யும் வழியை நாடாமை குறைபாடே என்னும் கருத்தினை அதன் முதற் பாடலிலேயே வைத்தார். வினையைச் சாக்காக்கி வாளாவிருப்பார்க்கு இதனினும் தெளிந்த மறுப்பு வேண்டுவதில்லை. இது கொண்டு மருந்தை விலக்குதலும் தவறாம். உய்யும் வழி நாடுதலுள் மருந்து நாடுதலும் அடங்குதலின்.

திருநாவுக்கரசர் தாமே சூலைநோயால் வருந்தியவர். அந்நிலையில் அவரைத் திலகவதியம்மையார் புறந்தள்ளினாரல்லர், திருநீறளித்து ஏற்றுக்கொண்டார். பின்னாளில் அவ்வரசர் அருளிய தனித்திருத்தாண்டகத்தில், உறுப்புக் குறைந்த தொழுநோயரும் இறையன்பராயின் தமக்கு வணங்கத்தக்க கடவுளாவர் என்று அந்நோயைப் பெயர் கூறியே எடுத்தோதினார். இதனை நாள்தோறும் ஓதுவார் நாவும், நோயுற்றாரைக் கண்டு முகஞ்சுளிப்பார் முகமும் ஒருவரிடத்தே இருத்தல் பொருந்துமோ?

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன: தொழுநோய் கிருமியால் வருவது, மருந்தால் தீர்வது. அதனைப் பாவக்குறியெனக் கொள்ளுதல் வினைக்கொள்கையின்பாற் படுவதன்று, அதன் திரிபேயாம். அத்திரிபு இரக்கத்தைக் கெடுத்தலின் ஒழுக்கத்திற்கும், மறைக்கச் செய்தலின் உடல்நலத்திற்கும், குடியைப் பிரித்தலின் நாட்டிற்கும் ஒருங்கே பகையாகின்றது.

ஆகலின், திருமடங்களில் வினையியல் பாடஞ் சொல்லுவோர் இவ்வேறுபாட்டை மாணாக்கர்க்கு விளங்க உரைப்பாராக. சொற்பொழிவாளர், உடம்பில் உணர்வற்ற தேமல் கண்டார் நாணாது அரசினர் ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைக, ஆண்டு மருந்து விலையின்றிக் கிடைக்கும் என்பதனைத் தம் அவைகளில் ஒரு சொல்லேனும் கூறுவாராக. மாகேசுர பூசையிலும் அன்னம்பாலிப்பிலும் நோய் தீர்ந்தாரைப் புறத்தே இருத்தி இலையிடும் வழக்கம் எங்கேனும் உளதாயின், அது மாறி அவரும் ஒரே பந்தியில் அமர்க. அங்ஙனம் அமர்ந்து உண்ணக் காணும் ஊரார், நூறு சொற்பொழிவால் அறியாததனை அவ்வொரு காட்சியால் அறிவர்.