வலமிருந்து வாசியுங்கள்: இணைய முகவரி பற்றி ஒரு பாடம்



சென்ற ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அஸர் தொழுகைக்குப் பின் நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஓர் இளைஞர் தன் அம்மாவுடன் வந்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பர்கள் சிவகாசி பட்டாசு வாங்கித் தரும்படி அவரிடம் 38,000 ரூபாய் அனுப்பியிருந்தார்கள். அவர் ஒரு இணையதளத்தில் 80 சதவீதத் தள்ளுபடி பார்த்து முழுத் தொகையையும் கட்டிவிட்டார். லாரி ரசீது என்று ஒரு படம் வந்தது. சரக்கு வரவில்லை. நாலாம் நாள் போன் அணைந்துவிட்டது. பதினொரு நாள் வீட்டில் சொல்லாமலே இருந்திருக்கிறார். அவருடைய அம்மா வளையலை அடகு வைத்து, மற்றவர்களின் அமானத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

இதில் நாம் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. அந்தத் தளத்தின் விளம்பரம் அவருக்குக் கிடைத்தது நமது மஹல்லா வாட்ஸ்அப் குழுவில். யாரோ அனுப்பியதை, நம்மூர்ச் சரக்குதானே என்று விசாரிக்காமல் குழுவில் போட்டவர்கள் நாம்தான். ஆகவே இந்தப் பாடம் முதலில் நமக்கு.

விருதுநகரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சிவகாசி போய்விடலாம். அந்தத் தளத்தில் இருந்த தெருவுக்குப் போய் ஒரு நடை பார்த்திருந்தால் அப்படி ஒரு கடையே இல்லை என்பது தெரிந்திருக்கும். அடுத்த ஊரில் இருந்துகொண்டே நாம் ஏன் ஏமாந்தோம்? மூன்று காரணங்கள். மூன்றையும் படித்துக்கொள்வோம்.

1. பெயர்

இணையதளத்தின் முகவரியை டொமைன் என்கிறார்கள். இந்த முறை 1983-இல் வந்தது. உலக அளவில் இதை ஒழுங்குபடுத்துவது 1998-இல் தொடங்கிய ஐகான் என்ற அமைப்பு. நம் நாட்டின் 'டாட் இன்' முகவரிகளை நிக்சி என்ற நிறுவனம் நிர்வகிக்கிறது. தமிழிலேயே 'டாட் இந்தியா' என்று முடியும் முகவரிகளும் உண்டு.

டாட் காம் போன்ற சாதாரண முகவரியைக் குறைந்த செலவில் யாரும் ஓராண்டுக்கு வாங்கலாம். வேறு யாரும் எடுக்காத பெயராக இருந்தால் போதும். அதில் 'சிவகாசி' என்று இருப்பதால் கடை சிவகாசியில் இருக்க வேண்டும் என்பதில்லை. வாங்குகிறவர் எந்த மாநிலத்திலும் இருக்கலாம். அந்தப் பெயர் எந்தத் தேதியில் பதிவானது என்பதை 'ஹூஇஸ்' என்ற தேடலில் இலவசமாகப் பார்க்கலாம். முப்பது ஆண்டு அனுபவம் என்று போட்டிருக்கும் தளம் போன மாதம் பதிவாகியிருந்தால், வாங்குவதற்கு முன் நேரில் விசாரிப்பது கடமை.

முகவரியை வாசிக்கும் முறை இது. தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதன்பின் வரும் முதல் சாய்கோட்டில் நில்லுங்கள். அங்கிருந்து, மதரஸாவில் அரபி வாசித்தது போல வலமிருந்து இடமாக வாருங்கள். உரிமையாளர் யார் என்பது வலது பக்கத்தில்தான் இருக்கிறது. இடது பக்கத்தில் எவரும் எதையும் எழுதிக்கொள்ளலாம்.

வங்கி முகவரியில் இது இப்போது எளிதாகிவிட்டது. வங்கிகள் எல்லாம் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இந்த முகவரியை வங்கிகளுக்கு மட்டுமே தருகிறார்கள். பேங்க் என்ற சொல்லுக்கு இரு பக்கமும் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் புள்ளிக்குப் பதில் சிறு கோடு இருந்தால் அது வேறு ஆளுடையது. அரசுத் தளங்கள் பெரும்பாலும் 'டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடியும்.

2. தேடலில் முதலிடம்

கூகுள் தேடுபொறி கோடிக்கணக்கான பக்கங்களை முன்கூட்டியே படித்து அட்டவணை போட்டு வைத்திருக்கிறது. நாம் கேட்டதும் அதிலிருந்து வரிசைப்படுத்திக் கொடுக்கிறது. ஆனால் அந்த வரிசைக்கும் மேலே, பணம் கட்டியவர்களின் விளம்பரங்கள் வரும். 'ஸ்பான்சர்டு' என்று சிறிய எழுத்தில் இருக்கும். பஜாரில் முகப்புக் கடைக்கு வாடகை அதிகம். அதற்காக அங்குள்ள சரக்கு நல்லது என்று ஆகாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களும் இப்படித்தான்.

3. பூட்டுப் படம்

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருந்தால் பாதுகாப்பு என்று நாம் நம்பினோம். நம் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் போகும் தகவலை வழியில் வேறொருவர் படிக்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று அது சொல்லாது. அந்தச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால், கூகுள் குரோம் 2023-இல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

சட்டம் சொல்வது

பட்டாசை ஆன்லைனில் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-இல் தீர்ப்பளித்தது. அதனால் சிவகாசிக் கடைகள் பலவும் தங்கள் தளத்தில் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு, விலைப்பட்டியலும் விசாரணைப் படிவமும் மட்டும் வைத்திருக்கின்றன. ஒரு தளம் பட்டாசுக்கு அங்கேயே பணம் கட்டச் சொன்னால், அது போலியோ அசலோ, சட்டத்துக்குப் புறம்பானது. தபாலிலும் ரயிலிலும் பட்டாசு அனுப்பவும் அனுமதியில்லை. உரிமம் உள்ள கடைக்கு நேரில் போய்ச் சரக்கைப் பார்த்து வாங்குவதே வழி. மோசடிக்காரர்கள் உண்மையான கடைகளின் படத்தையும் விலைப்பட்டியலையும் அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். இதனால் பெயர் கெடுவது, நேர்மையாகத் தொழில் செய்யும் நமது வட்டாரத்துக்காரர்களுக்குத்தான்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை

உங்கள் வங்கிக் கணக்கையோ சிம் கார்டையோ கொஞ்ச நாளைக்குக் கொடுங்கள், கமிஷன் தருகிறோம் என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். இப்படி ஏமாற்றிய பணம் போய்ச் சேர்வது அத்தகைய கணக்குகளில்தான். கணக்கு முடக்கப்படும், வெளிமாநிலப் போலீஸ் தேடி வரும், வழக்கு உங்கள் பெயரில் நிற்கும். உழைக்காமல் வந்த அந்தக் கமிஷன், இன்னொரு வீட்டு வளையல் என்பதை மறக்க வேண்டாம்.

பணம் போய்விட்டால்

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். பணம் எடுக்கப்படுவதற்கு முன் தகவல் போனால் அதை வங்கியில் நிறுத்தி வைக்க முடியும். பரிவர்த்தனை எண், தேதி, தொகை, எதிராளியின் போன் எண், திரைப் படங்கள் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். நாம் சொன்ன இளைஞர் முதல் நாளே பேசியிருந்தால் ஒரு பகுதியாவது நின்றிருக்கலாம். பதினொரு நாள் கழித்து நாம் புகார் கொடுத்தபோது அந்தக் கணக்கில் எதுவும் இல்லை.

பிள்ளைகளிடம் அத்தாமார்களும் அம்மாமார்களும் ஒன்று சொல்லி வையுங்கள்: பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், வந்து சொல், திட்ட மாட்டோம். இந்த ஒரு வாக்கு இருந்தால் பதினொரு நாள் ஒரு நாளாகும்.

வீட்டில் செய்து பார்க்க: இன்று மஃரிபுக்குப் பின் பிள்ளைகளுடன் உட்கார்ந்து, உங்கள் வங்கியின் முகவரியைப் போனில் திறந்து வலமிருந்து வாசியுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை, தெரியாத பெரியவருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

இனி நமது குழுவில் வியாபார விளம்பரம் எதுவும் விசாரிக்காமல் போடப்படாது. சந்தேகமான தளம் இருந்தால் பணம் கட்டுவதற்கு முன் அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். அந்த அம்மாவின் வளையலை மீட்க அவருடைய மகன் மாதாமாதம் கட்டி வருகிறார். இன்னும் நான்கு தவணை பாக்கி இருக்கிறது.

வஸ்ஸலாம்.