அந்த 1,399 டாலர்

நம் வீடுகளில் பார்த்த கோடீஸ்வரன் பாணி நிகழ்ச்சிகளில் போட்டியாளருக்கு எதிராளி கிடையாது. அமெரிக்காவின் ‘ஜெப்பர்டி’யில் மூன்று பேர் மோதுகிறார்கள். கடைசிக் கேள்விக்கு ஒவ்வொருவரும் தம் கையிருப்பிலிருந்து ஒரு தொகையைப் பணயம் வைக்க வேண்டும். அப்போது தெரிந்திருப்பது கேள்வியின் தலைப்பு மட்டும். விடை சரியென்றால் அந்தத் தொகை கூடும், தவறென்றால் கழியும். பார்ப்பவர்கள் இதைத் துணிச்சலின் அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். கதைகள் கிளம்புவது இங்கேதான்.

நம்பிக்கை: ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவர் வேண்டுமென்றே தோற்றார்.

உண்மை: விளையாட்டுப் பந்தயத்தையே தொழிலாகக் கொண்டவர் ஜேம்ஸ். 2019இல் தொடர்ந்து 32 ஆட்டங்களை வென்றார். அவற்றில் ஒன்றில் மட்டும் 1,31,127 டாலர். இதே நிகழ்ச்சியில் கென் ஜென்னிங்ஸ் 2004இல் சேர்த்த 25,20,700 டாலரை எட்ட இன்னும் 58,484தான் பாக்கி. அந்த நிலையில், ஜூன் 3 அன்று ஒளிபரப்பான ஆட்டத்தின் கடைசிக் கேள்விக்கு அவர் வைத்தது 1,399. பல்லாயிரம் வைக்கிற ஆள் இவ்வளவு சில்லறையா என்று சந்தேகம் கிளம்பிவிட்டது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எதிராளி எம்மா போட்சரிடம் 26,600. ஜேம்ஸிடம் 23,400. மூன்றாமவரிடம் 11,000. ஜேம்ஸ் எல்லாவற்றையும் வைத்து இரட்டித்தாலும் 46,800தான். எம்மாவுக்கு 46,801 போதும். ஆகவே அவர் 20,201 வைப்பார் என்பது ஆட்டம் தெரிந்த யாரும் ஊகிக்கக்கூடியது. அவர் விடை சரியாக இருந்துவிட்டால் ஜேம்ஸ் எவ்வளவு வைத்தும் பயனில்லை. எம்மா தவறினாலோ அவரிடம் மிஞ்சுவது 6,399. அப்போது ஜேம்ஸுக்கு இருக்கும் ஒரே ஆபத்து மூன்றாமவர். அவர் இரட்டித்தால் 22,000. ஜேம்ஸின் 23,400இலிருந்து 1,399 போனால் நிற்பது 22,001. எம்மா தவறினால் போதும், தன் விடை சரியோ தவறோ வெற்றி தனக்கே என்று பூட்டுப் போட்டுக்கொண்ட தொகை அது. விட்டுக்கொடுக்க நினைப்பவர் ஒரு டாலர் வரைக்குமா கணக்குப் பார்ப்பார்?

எம்மா வைத்தது 20,201தான், விடையும் சரி. அப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்தவர் அவர். ஜெப்பர்டி கேள்வி எவ்வளவு கடினமாக இருக்கும் என்று கணினியால் முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதே அவருடைய முதுகலை ஆய்வு. வென்றவரை விட்டுவிட்டுத் தோற்றவரின் மனத்தைத் துருவுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நம்பிக்கை: விடையில் சந்தேகம் இருந்ததால்தான் வாட்சன் கணினி 947 டாலர் மட்டும் வைத்தது.

உண்மை: 2011இல் ஜென்னிங்ஸையும் இன்னொரு போட்டியாளரான பிராட் ரட்டரையும் எதிர்கொண்ட இந்த ஐபிஎம் இயந்திரம், ‘அமெரிக்க நகரங்கள்’ என்ற தலைப்பில் டொராண்டோ என்று எழுதி ஐந்து கேள்விக்குறிகளும் போட்டது. சந்தேகம் இருந்தது மெய்தான். ஆனால் பணயம் பதிவான பிறகே கேள்வியைக் காட்டுவார்கள். டொராண்டோ நினைவுக்கு வருமுன்பே 947 முடிவாகிவிட்டது. அப்போது அதனிடம் 36,681, ரட்டரிடம் 5,400, ஜென்னிங்ஸிடம் 2,400. பெரிதாக வைக்க என்ன அவசரம்?

நம்பிக்கை: திரையில் தெரியும் தொகை மூவருக்கும் கிடைக்கும்.

உண்மை: வென்றவருக்கு மட்டும். மற்ற இருவருக்கும் நிலையான தொகைதான். பல ஆண்டுகள் அது 2,000, 1,000 டாலர். கையிருப்பைப் பத்திரப்படுத்துகிறேன் என்று இரண்டாமவர் குறைத்து வைத்தால், பத்திரமாவது ஏதுமில்லை.

நம்பிக்கை: கடைசிக் கேள்விக்கு முந்தைய கேள்விகளில், பஸரை முதலில் அழுத்துபவருக்கே பதில் சொல்லும் வாய்ப்பு.

உண்மை: கேள்வி வாசித்து முடிந்த பிறகே பஸர் உயிர்பெறும். முந்திக்கொண்டால் கால் நொடி முடக்கம்.

நம்பிக்கை: முன்னிலையில் இருப்பவர், இரண்டாமவர் இரட்டித்தால் வரும் தொகையைவிட ஒரு டாலராவது கூடும்படி வைத்தாக வேண்டும்.

உண்மை: 2014இல் ஆர்தர் சூ என்ற போட்டியாளர் அப்படிச் செய்யவில்லை. அன்றைய விதிப்படி, முதலிடத்தில் இருவர் சமமாக முடித்தால் இருவருமே பணத்துடன் அடுத்த ஆட்டத்துக்குத் திரும்பலாம். எனவே இரண்டாமவர் இரட்டித்தால் வரும் தொகையைச் சரியாகத் தொடும்படி வைத்தார். அவருக்கு நஷ்டம் எதுவுமில்லை. இருவரும் தவறினால் கையில் ஒரு டாலர் அதிகமாகவே நிற்கும். ரசிகர்கள் சிலருக்கு எரிச்சல். அந்த ஆண்டு முடிவதற்குள் விதி மாறிவிட்டது: இப்போது சமநிலை என்றால் இன்னொரு கேள்வி, முதலில் சரியாகச் சொல்பவருக்கு ஆட்டம்.