கோடைக் கட்டிக்கு உடம்புச் சூடு காரணமா?

கத்திரி வெயில் தொடங்கியதும் பிடரியிலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டிகள் கிளம்புகின்றன. உடம்புச் சூடு என்று சொல்லி மாம்பழத்தை நிறுத்துகிறோம். இளநீரும் ஊறவைத்த வெந்தயமும் கொடுக்கிறோம். இதை மூடநம்பிக்கை என்று ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. வெயில் காலத்தில் கட்டிகள் கூடுகின்றன என்று நம் பெரியவர்கள் கவனித்தது சரிதான். அதற்குக் கற்பித்த காரணம்தான் தவறு. சீழ் வைக்கும் கட்டிகளில் பெரும்பாலானவற்றை உண்டாக்குவது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. அது சித்திரையில் புதிதாக வந்து சேர்வதில்லை. ஏறத்தாழ மூன்று பேரில் ஒருவருடைய மூக்குக்குள் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது.

கட்டிக்கு இந்தக் கிருமியே காரணம் என்பது நூற்றாண்டுக்கு முன்பே உறுதியான செய்தி. 1880-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், நோயாளிகளின் கட்டியிலிருந்து எடுத்த சீழை நுண்ணோக்கியில் பார்த்து, கொத்துக் கொத்தாக உருண்டைக் கிருமிகளைக் கண்டார். சீழ் பிடித்த பிறகு கிருமி வந்து சேர்ந்திருக்கலாமே என்று அன்றைய மருத்துவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆக்ஸ்டன் அந்தச் சீழைச் சிறு விலங்குகளின் உடலில் செலுத்தியபோது புதிய கட்டிகள் வந்தன. சூடாக்கிக் கிருமிகளைக் கொன்றுவிட்டுச் செலுத்தியபோது வரவில்லை. பிறகு சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கார்ல் கரே, வளர்த்தெடுத்த கிருமியைத் தன் முன்கையின் நல்ல தோலிலேயே அழுத்தித் தேய்த்துக்கொண்டார். சில நாட்களில் அந்தக் கை நிறையக் கட்டிகள். இதை அவர் 1885-இல் வெளியிட்டார். அந்தக் கட்டிகளுக்கு வெயிலும் தேவைப்படவில்லை, மாம்பழமும் தேவைப்படவில்லை.

அப்படியானால் மார்கழியில் ஏன் இவ்வளவு கட்டிகள் வருவதில்லை? இதற்கான விடையை 1957-இல் எலெக், கோனன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு ஓரளவு தருகிறது. தன்னார்வலர்களின் தோலுக்குள் இந்தக் கிருமியை ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள். சீழ் பிடிக்கப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிருமிகள் வேண்டியிருந்தன. அதே இடத்தில் ஒரு தையல் நூலும் இருந்தபோது சில நூறு கிருமிகளே போதுமாயின. நல்ல தோல் எளிதில் தோற்பதில்லை என்பதும், சூழ்நிலை சற்றுக் கெட்டால் கிருமியின் வேலை வெகு சுலபமாகிவிடும் என்பதும் இதில் தெரிகின்றன. கோடை அந்தச் சூழ்நிலையைக் கெடுக்கிறது. வியர்வையில் தோல் ஊறுகிறது, வேர்க்குரு வருகிறது, இறுக்கமான துணி முடிக்கால்களை உரசுகிறது, மூக்கைத் தொட்ட அதே நகத்தால் அரிப்பைச் சொறிகிறோம். கிருமி உள்ளே போக அது போதும். கட்டி தொட்டால் சுடுவதும் இதன் விளைவுதான். கிருமியை எதிர்க்க அந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. சூடுதான் காரணம் என்றால், அதே கட்டிக்கு நம் பாட்டிமார் வெந்நீர் ஒத்தடம் கொடுத்ததும் அது பழுத்து உடைந்து ஆறியதும் எப்படி? மாம்பழத்தின் மேல் விழுந்த பழிக்கும் காரணம் உண்டு. அதன் பால் பட்டால் சிலருக்கு வாயைச் சுற்றிக் கொப்புளமும் அரிப்பும் வரும். அது ஒவ்வாமை, சீழ்க் கட்டி அல்ல.

இளநீர் குடித்தே சரியாகிவிட்டதே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிறிய கட்டிகள் எதுவும் செய்யாமலே ஒன்றிரண்டு வாரத்தில் உடைந்து ஆறிவிடும். இளநீர் கோடைக்கு நல்லது, தாராளமாகக் குடிக்கலாம். எனக்குக் கவலையெல்லாம் சூட்டைத் தணித்தால் போதும் என்று காத்திருக்கும் நாட்களைப் பற்றியும், தோலையே பொசுக்கக்கூடிய சுண்ணாம்புப் பற்றைப் பற்றியும்தான். ஒரு வீட்டில் மாறி மாறிக் கட்டி வந்தால் 'சூட்டு உடம்புக் குடும்பம்' என்கிறோம். அங்கே ஒரே துண்டும் ஒரே சவரக்கத்தியும் கைமாறுகின்றனவா என்று பார்ப்பதில்லை.

இதற்கு நேர்மாறான நம்பிக்கையும் இப்போது பரவியிருக்கிறது. கட்டி என்றால் மருந்துக்கடையில் நாலு ஆன்டிபயாடிக் மாத்திரை. சீழ் கோத்த குழிக்குள் ரத்த ஓட்டம் இல்லாததால் மாத்திரை அங்கே சரியாகப் போய்ச் சேராது. பெரிய கட்டிக்கு முதல் வைத்தியம் மருத்துவர் கீறிச் சீழை வெளியேற்றுவதே. தேவையில்லாமல் விழுங்கும் மாத்திரைகள் இந்தக் கிருமியைப் பழக்கிவிடுகின்றன. மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக் 1959-இல் வந்தது. அதற்கு அடங்காத வகை 1961-லேயே இங்கிலாந்தில் பதிவாகிவிட்டது.

மாத்திரை உடனே தேவைப்படும் நிலையும் உண்டு. கால்விரல் இடுக்கு வெடிப்பு வழியாக நுழையும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற வேறொரு கிருமி, சீழ் கோக்காமலே காலைச் சிவக்க வைத்து வீங்கவைக்கும். சிவப்பு மணிக்கு மணி பரவினால், காய்ச்சலும் குளிரும் வந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூக்கின் மேலும் மேலுதட்டிலும் வந்த கட்டியைப் பிதுக்கவே கூடாது. அங்கிருந்து ரத்தக்குழாய் வழியாகக் கிருமி மூளைப் பக்கம் போகலாம். அடிக்கடி கட்டி வருபவரும், பிடரியில் பல கண் வைத்த ராஜபிளவை வந்தவரும் வெந்தயத்தைத் தேடுவதற்கு முன் ரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.