முட்டையை விதைக்கும் மீன்

பெற்றோர் பேணல் என்ற பாடத்தில், ஆண் கடற்குதிரை முட்டைகளைப் பையில் சுமப்பதைப் படித்து வியக்கிறோம். நம் ஏரிகளில் பிடிபடும் ஜிலேபி மீனில் தாய் தன் குஞ்சுகளை வாயினுள் வைத்துக் காக்கிறது. இவற்றுக்கு நேர்மாறான மீன் ஒன்றுண்டு. விதை தூவுவதுபோல் முட்டைகளைத் தண்ணீரில் தூவும். உடனே திரும்பி அவற்றையே தின்னத் தொடங்கும்! இரண்டு அங்குலம்கூட வளராத வரிக்குதிரை மீனே அது.

இது நம் நாட்டு மீன். கங்கை மீன்களைப் பற்றி பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட நூலின் வாயிலாக அறிவியல் உலகுக்கு அறிமுகமாயிற்று. அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் 1981இல் வெளியிட்ட மரபியல் ஆய்வுக்குப் பின் உலகின் பல ஆய்வுக்கூடங்களில் இடம்பெற்றுவிட்டது. இதன் முட்டை கண்ணாடிபோல் தெளிவானது என்பதே முக்கிய காரணம்.

இதை வீட்டிலேயே இனப்பெருக்கம் செய்யலாம். மெலிந்து பொன்னிறச் சாயல் காட்டுவது ஆண். வயிறு பருத்து வெள்ளி நிறமாயிருப்பது பெண். ஒரு வாரம் கொசுப்புழுக்களை உணவாகக் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியே போதும். குழாய் நீரில் குளோரின் இருக்குமாதலால், ஒருநாள் வாயகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்தபின் ஊற்ற வேண்டும்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளை இரண்டு அடுக்காகப் பரப்புங்கள். முட்டைகள் ஒட்டும் தன்மையற்றவை; குண்டுகளின் இடுக்கில் விழுந்துவிடும். பெரிய மீன்களின் வாய் அங்கே எட்டாது. மாலையில் ஒரு பெண்ணையும் இரண்டு ஆண்களையும் விடுங்கள். விடியற்காலை வெளிச்சம் பட்டதும் ஆண்கள் துரத்த, பெண் நூற்றுக்கு மேலும் முட்டைகள் இடக்கூடும். முடிந்தவுடன் பெரியவற்றை வெளியேற்றிவிட வேண்டும். "பெத்ததையே தின்னுற மீனை எதுக்குடா வளர்க்கிற?" என்று என் தாயார் கேட்டார். நூறு இட்டால் சில பிழைக்கும், அதுவே இம்மீன் இனம் தப்பும் வழி என்று விளக்கினேன். அவர் ஒப்பவில்லை.

ஒருநாள் கடந்த முட்டையை நுண்ணோக்கியில் வைத்தால் இதயம் துடிப்பது தெரியும். 2014இல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கியல் வகுப்புகளில் அறுவையை நிறுத்தச் சொன்னபின், தவளையின் இதயத்தை நாம் படத்தில்தானே பார்க்கிறோம்? இங்கோ கத்தி எடுக்காமல், ஓர் உயிரையும் கொல்லாமல், ஓடும் குருதியையே காணலாம். நம் ஆய்வுக்கூடத்தில் ஒரு தொட்டி வைத்தால் என்ன?

மூன்றாம் நாளளவில் முட்டை பொரியும். மார்கழிக் குளிரில் தாமதமாகும். வெளுத்த முட்டைகள் கெட்டவை, நீக்கிவிடுங்கள். ஐந்தாம் நாள் குஞ்சுகள் நன்கு நீந்தத் தொடங்கியதும், வைக்கோல் ஊறிய நீரில் பெருகும் நுண்ணுயிர்களைச் சொட்டுச் சொட்டாக விடலாம். அவித்த முட்டையின் மஞ்சள் கருவும் ஆகும். ஆனால் ஊசிமுனையளவே கொடுக்க வேண்டும், மிகுந்தால் தண்ணீர் நாறிவிடும்.