மண்ணும் நுண்ணுயிரும்

மண்ணை உயிரற்ற பொருள் என்று எண்ணுவோர் பலர். காலால் மிதிபடும் புழுதிக்கு உயிர் ஏது என்று வினவுவதும் இயல்பே. ஆயினும், கோடைக்குப் பின் முதல் மழை பெய்தவுடன் நிலத்திலிருந்து எழும் மணத்தை நுகர்ந்து மகிழாதார் யார்? அம்மணம் பெரும்பாலும் மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பொருளால் எழுவதாகும். வளமான மண் ஒரு கிராம் எடுத்தால், அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கும். உழவர் ஏர் பூட்டுவதற்கு முன்னும், கதிர் அறுத்து வீடு திரும்பிய பின்னும், இரவு பகல் பாராது நிலத்தில் உழைப்பவை அவை. அவற்றின் இயல்பையும், அவற்றைப் பேணும் முறையையும், பேணாதுவிட்டால் நேரும் கேட்டையும் இப்பாடத்தில் காண்போம்.

உதிர்ந்த சருகும், மடிந்த வேரும், மாட்டுச் சாணமும் உள்ளபடியே பயிருக்கு உணவாகிவிடுவதில்லை. பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் அவற்றைச் சிதைத்து மட்கச் செய்கின்றன. அப்பொழுது அவற்றிலுள்ள தழைச்சத்து அம்மோனியாவாக வெளிப்படுகிறது. ஒருவகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட்டை வேர்கள் எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். இம்மாற்றத்தைச் செய்யும் உயிர்களை ரஷ்ய அறிஞர் வினொகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து உலகுக்குக் காட்டினார்.

நம்மைச் சூழ்ந்துள்ள காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜனே. ஆனால் பயிர்கள் அதனை நேரே உண்ண இயலாது. நிறைந்த களஞ்சியத்தின் வாயிலில் சாவியின்றி நிற்பவன் நிலையே பயிரின் நிலை. அச்சாவியைத் தம்மிடம் வைத்திருப்பவை சில பாக்டீரியாக்கள். ரைசோபியம் என்னும் பாக்டீரியா பயறு வகைச் செடிகளின் வேரில் புகுந்து சிறு முடிச்சுகளை உண்டாக்கும்; அங்கிருந்தவாறே காற்றின் நைட்ரஜனைப் பயிருக்கேற்ற உணவாக மாற்றும். செடியோ அதற்குக் கைம்மாறாகச் சர்க்கரைப் பொருளை அளிக்கும். பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் மானாவாரிப் பயிரான நிலக்கடலையின் வேரில் இம்முடிச்சுகளைக் காணலாம். நன்கு உழைக்கும் முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தோன்றும்.

மண்துகளோடு இறுகிக் கிடக்கும் மணிச்சத்தை அமிலங்களால் கரைத்துக் கொடுக்கும் பாக்டீரியாக்களும் உண்டு. இன்னும் சில பூஞ்சைகள் வேருடன் கூடி வாழ்ந்து, நூலினும் மெல்லிய தம் இழைகளை வேர் எட்டாத இடத்திற்கும் பரப்பி, நீரும் சத்தும் கொணர்ந்து தருகின்றன.

இவ்வுயிர்கள் நலமுற வாழ உணவு, ஈரம், காற்று ஆகிய மூன்றும் வேண்டும். மண்ணில் உப்பும், புளிப்பும், காரமும் அளவுக்கு மிஞ்சலாகாது. மிஞ்சினால் நேர்வது யாது என்பதற்குப் பாலாற்றங்கரையே சான்றாகும்.

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் தோன்றி, ஆந்திர நிலத்தைக் கடந்து, தமிழகத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் வழியே செல்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலே தோன்றினும், அம்மணலின் அடியில் ஊறும் நீர் கரையோரக் கிணறுகளுக்கு உயிர்நாடியாக இருந்தது. இப்பகுதி தோல் தொழிலுக்கும் பேர்பெற்றது. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டனர். 1970களுக்குப் பின் குரோமிய உப்பால் பதனிடும் முறை பெருகியது. இங்குச் செய்யப்படும் காலணிகள் கடல் கடந்து செல்கின்றன. ஆண்களும் பெண்களுமாகப் பல்லாயிரவர் இத்தொழிலால் பிழைக்கின்றனர்.

உரித்த தோல் அழுகாதிருக்க அதன்மீது உப்பைத் தடவுவர். மாங்காயில் உப்பிட்டால் அது நீர் விடுவதை நாம் அறிவோம். அவ்வாறே உப்பு, நுண்ணுயிர்களின் உடலிலுள்ள நீரை வெளியே இழுத்து அவற்றை ஒடுக்கிவிடும். ஆகவே தோல் அழுகுவதில்லை. பதனிடும் முன் அவ்வுப்பைக் கழுவ வேண்டும். கழுவிய நீர் வயலை அடைந்தால், தோலைக் காத்த அதே உப்பு மண்ணின் உயிர்களையும் ஒடுக்குமன்றோ? அத்துடன் உப்பிலுள்ள சோடியம் களிமண் துகள்களைப் பிரித்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். மண் இறுகும், காற்றும் நீரும் உட்புகா. கழிவில் சேர்ந்துவரும் சல்பைடும் குரோமியமும் மேலும் நஞ்சாகும்.

இக்கேடு வெறும் அச்சமன்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தோல் ஆலைகள் மிகுந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனமை அத்தீர்ப்பில் குறிக்கப்பட்டது. கேடு விளைவித்தவரே அதனைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்னும் நெறியையும் நீதிமன்றம் நிலைநாட்டியது. ஆலைகளின் கழிவுநீரைச் சேர்த்துத் தூய்மை செய்யும் பொது நிலையங்களும் இப்பகுதியில் அமைந்தன. அந்நிலையங்களிலும் அழுகும் கழிவை உண்டு தீர்ப்பவை பாக்டீரியாக்களே. எனினும் கரைந்த உப்பை அவை உண்ணமாட்டா. அதனைப் பிரித்தெடுக்கத் தனிக் கருவிகள் தேவை.

கெட்ட நிலத்தைத் திருத்துவது எங்ஙனம்? முதற்கண் உப்புநீர் வரவை நிறுத்த வேண்டும். ஓட்டைக் குடத்தை அடைக்காமல் நீர் இறைத்துப் பயனில்லை. அடுத்து, மண்ணையும் கிணற்று நீரையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்தறிய வேண்டும். சோடியம் மிகுந்த நிலமாயின், ஆய்வில் கூறிய அளவு ஜிப்சம் இட்டு, வடிகால் அமைத்து, நல்ல நீர் பாய்ச்சி வடிக்க வேண்டும். ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றி மண்ணைப் பொலபொலப்பாக்கும். பின்னர், உவர் தாங்கும் தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழலாம். தொழுவுரமும் மட்கும் இடலாம். எருவிடுதலின் ஏற்றத்தை வள்ளுவப் பெருந்தகையும் உரைத்துள்ளார். அவ்வெரு பயிருக்கு உணவாவதற்கு முன் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது என்பது இன்றைய அறிவியல் தரும் விளக்கம்.

இவ்வாறு வாழிடம் சீர்பட்ட பின்னரே நுண்ணுயிர் உரம் பயன் தரும். நிலக்கடலைக்குரிய ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையின்மேல் பூசி, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்திற்குள் விதைக்க வேண்டும். வெயிலும் நச்சு மருந்துகளும் அவ்வுயிர்களைக் கொன்றுவிடும். குரோமியமோ ஒரு தனிமம். அதனை எவ்வுயிரும் அழித்தல் இயலாது. சில பாக்டீரியாக்கள் அதன் கொடிய வடிவத்தைக் கொடுமை குறைந்த வடிவமாக மாற்றுகின்றன, அவ்வளவே. ஆதலின், வருமுன் காத்தலே தலையாய வழி.

தொழில் இன்றி ஊர் வாழாது. நிலம் இன்றி எவரும் வாழார். இரண்டனுள் ஒன்றை இழந்து மற்றொன்றைப் பெறுவது ஆதாயமாகாது. இன்று தோலறுக்கும் கையும் ஏர் பிடிக்கும் கையும் ஒரே குடும்பத்தில் இருக்கக் காண்கிறோம். அவ்விரு கைகளுக்கும் சோறிடுவது மண்; அம்மண்ணுக்கு உயிரூட்டுவன கண்காணா நுண்ணுயிர்கள். அவற்றைக் காப்பது நம் கடமையாகும்.

பயிற்சி

1. தோலைக் காக்கும் உப்பு நிலத்தைக் கெடுப்பது எவ்வாறு?
2. நுண்ணுயிர் உரம் இடுவதற்கு முன் உவர் நிலத்தில் செய்ய வேண்டுவன யாவை?
3. நிலக்கடலைச் செடி ஒன்றை வேருடன் மெல்லத் தோண்டியெடுத்து, வேர் முடிச்சுகளைக் கிள்ளிப் பார்த்து, கண்டவற்றை எழுதுக.