போன் இருந்தும் நூலகத்துக்கு வருகிறவர்கள்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு பிரதேச சபை நூலகத்தின் கணினிப் பிரிவில் சில காலம் உதவிக்கு இருந்தேன். எல்லாரிடமும் போன் வந்துவிட்டதே, இனி இலவச இணையத்துக்கு யார் வருவார்கள் என்று நானும் நினைத்ததுண்டு. வந்தவர்களில் அநேகர் போன் வைத்திருந்தவர்கள்தான். வட்ஸ்அப் அவர்களுக்குத் தண்ணிபட்ட பாடு. படிவம் என்று வந்தால்தான் மாட்டுப்படுவார்கள்.

"தம்பி, போனிலை பாதிப் பக்கம்தான் தெரியுது, ஒருக்காப் பாரும்" என்று வரும் அம்மாவுக்குப் பெரிய திரையும் வேண்டும், பக்கத்தில் ஆளும் வேண்டும். 2005இல் நெனசல என்ற பொதுக் கணினி நிலையங்கள் தொடங்கிய காலத்தில் கணினியைத் தொட்டுப் பழக்குவதே வேலை. இப்போது படிவம் நிரப்புவதுதான் வேலை. 2023 ஜூனிலிருந்து கடவுச்சீட்டுக்கே இணையத்தில் விண்ணப்பிக்கலாம் என்றாகிவிட்டது. வெளிநாட்டுக்குப் போகும் யோசனை இல்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு.

உயர்தரப் பெறுபேறு பார்க்கப் போனே போதும். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குத்தான் பிள்ளைகள் இங்கே வருவார்கள். மற்ற நாட்களில் கடந்தகால வினாத்தாள் தேடுவார்கள்.

எனக்குப் பிடித்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். இடப்பெயர்வில் அவருடைய புத்தகங்கள் எல்லாம் போய்விட்டன. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாக இருப்பதை அவருக்குக் காட்டினேன். பிறகு அவருக்கு என் உதவி தேவைப்படவில்லை. பூட்டும் நேரம் வந்தால் எழுப்புவதுதான் பாடு. இலவச இணையத்தால் பொடியள் கெட்டுப்போகிறார்கள் என்பவர்கள் அவரை வந்து பார்க்க வேண்டும்.

இப்படி விண்ணப்பிக்க நூலகத்துக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சிம்மை அடிக்கடி மாற்றுகிறவர்கள் நம் ஆட்கள். விண்ணப்பத்தில் கொடுத்த போன் இலக்கத்தை மட்டும் கைவிடாதீர்கள், ஓடிபி அதற்குத்தான் வரும். அந்த ஓடிபியை உதவி செய்கிறவரிடம்கூடச் சொல்லாமல் நீங்களே அடியுங்கள். பிறப்புச் சான்றிதழை இருட்டில் போனில் படம்பிடித்துக் கொண்டுவராமல் மூலப் பிரதியையே எடுத்து வாருங்கள். எழும்ப முன்னர் கணக்கிலிருந்து வெளியேறி, இறக்கிய கோப்புகளை அழித்துவிடுங்கள்; அடுத்து அந்தக் கதிரையில் இருப்பவர் யாரோ.

பல்கலைக்கழக விண்ணப்பத்தைக் கடைசி நாள்வரை வைத்திராதீர்கள். அன்றைக்கு இணையத்தளமும் இழுபடும், கணினிக்கும் வரிசை நிற்கும்.