வாளித் தண்ணீரை அப்புறப்படுத்துங்கள்

“பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருந்தால் போதும் சார்.” அறிவியல் வாரம் நெருங்கினால் எங்கள் ஊரான ரெங்கத்தில் யாராவது ஓர் இளம் ஆசிரியர் என்னிடம் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. தெர்மைட் செய்து காட்டப் போகிறாராம்.

தெர்மைட்டுக்குப் பக்கத்தில் தண்ணீரே கூடாது! அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் கலந்த கலவை அது. எரியத் தேவையான ஆக்சிஜன் அந்த ஆக்சைடுக்குள்ளேயே இருக்கிறது. காற்றைத் தடுத்தாலும் அணையாது. கரியமிலவாயு தீயணைப்பானும் பயன்படாது. வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டும். இரும்போ 1,538 டிகிரியிலேயே உருகிவிடும். அந்தக் குழம்பில் தண்ணீர் பட்டால், லிட்டருக்கு 1,600 லிட்டருக்கும் மேல் நீராவி குபீரென்று கிளம்பி, இரும்பையும் சேர்த்து வாரி இறைக்கும்.

ஒரு பள்ளியில் நானே பார்த்தேன். தெர்மைட் நிரப்பிய பூந்தொட்டிக்கு அடியில் மணல் தட்டு. மேல்மணல் காய்ந்திருந்தது, அடியில் முந்தின நாள் மழை ஈரம். யாரும் கிளறிப் பார்க்கவில்லை. தொட்டியின் துளை வழியே இரும்பு சொட்டியதும் பட்டென்று வெடித்தது. முன்வரிசை மேசையில் பயறு அளவில் கருகிய குழிகள். பிள்ளைகளைப் பின்னால் நிறுத்தியிருந்ததால் தப்பித்தார்கள். ஈர மணலுக்கே இந்தக் கதி.

“தண்டவாளத்தையே இப்படித்தானே ஒட்டுகிறார்கள்?” ஆமாம். ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895-இல் காப்புரிமை கேட்ட முறை அது. ஆனால் அந்தத் தொழிலாளர்கள் வார்ப்பச்சையும் தண்டவாள முனைகளையும் முதலில் சூடாக்கி, ஈரத்தை ஒட்ட விரட்டிவிட்டுத்தான் பற்றவைப்பார்கள். நம் ரெங்கம் வழியாக ரயில் ஓடுகிறது. இதைக்கூட நாம் கற்றுக்கொள்ள வேண்டாமா?

ஆசிரியருக்கு மட்டும் பாதுகாப்புக் கண்ணாடி போதும் என்பது பொய். பார்க்கிற பிள்ளைக்கும் இரண்டு கண்தான். மெத்தனாலில் உப்புகளை எரித்து வண்ணச் சுடர் காட்டும் ‘வானவில்’ சோதனை சாதுவானது என்பதும் பொய். 2014 ஜனவரியில் நியூயார்க்கின் பீக்கன் உயர்நிலைப்பள்ளியில் அது மாணவர்களைச் சுட்டது. அதைப் பற்றி அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் எச்சரித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன.

தீப்பொறி பறந்தால்தான் பாடம் மனத்தில் நிற்குமா? படிவம் ஐந்தின் வெப்ப வேதியியலில் துத்தநாகத் தூளும் காப்பர் சல்பேட்டும் இருக்கின்றன. தெர்மைட்டில் நடப்பதும் இதே இடப்பெயர்ச்சிதான். பாலிஸ்டைரீன் குவளையில் 0.2 மோலார் கரைசல் 25 மில்லிலிட்டர் ஊற்றி, தூளைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டுக் கலக்கச் சொல்லுங்கள். வெப்பமானி 10 டிகிரி வரை ஏறும், நீலம் வெளுக்கும். வகுப்புக்கு ஒரு வெப்பமானி என்று கஞ்சத்தனம் பண்ணாமல் ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். பள்ளி நிதியில் நான் விடாமல் கேட்டுவருவது அதைத்தான்.